மரபு நோய்களின் ஆராய்ச்சியும் குடும்பத்தாரின் பங்கும்

மருத்துவத்தின் உறுப்புக்கள் நான்கு என வகுத்த திருவள்ளுவனார், நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து என்னும் மூன்றோடு, நோயாளியின் அருகிருந்து பேணுவோனையும் சேர்த்தெண்ணினார். அங்ஙனம் பேணுவோர் பெரும்பாலும் குடும்பத்தாரே. ஏனைய நோய்களில் அவர்தம் பணி மருந்தூட்டலும் துணைநிற்றலுமாக அமையும். பரம்பரையாக வரும் அரிய நோய்களிலோ அஃது அவ்வளவில் நில்லாது. நோய் இன்னதென அறிதற்கும், அதன் காரணத்தைக் காண்டற்கும், அதனைத் தீர்க்கும் வழியைத் தேடுதற்கும் குடும்பத்தாரின் துணை இன்றியமையாததாகின்றது. அத்துணை எத்தகையது என்பதனையும், அதனைப் புரிவோர்க்குரிய உரிமைகள் யாவை என்பதனையும் நம் மாணாக்கர்க்குப் பயன்படுமாறு ஈண்டு ஒரு சிறிது ஆராய்வாம்.

அரிய நோய் என்பது யாது?

ஐரோப்பிய ஒன்றியத்தார் 10,000 மக்களில் ஐவர்க்கு மேற்படாது காணப்படும் நோயை அரிய நோய் என்பர். அமெரிக்க ஐக்கிய நாடுகளில், நாடு முழுவதிலும் 2,00,000 பேர்க்குக் குறைவாக உள்ள நோய் அப்பெயர் பெறும். தனித்தனியே நோக்குமிடத்து ஒவ்வொன்றும் அரிதாயினும், இவ்வகை நோய்கள் 6,000-க்கு மேற்பட்டன ஆதலின், எல்லாம் கூடி உலகில் கோடிக்கணக்கானோரை வருத்துகின்றன. இவற்றுள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு மரபணுக்களின் பழுதால் விளைவன.

மரபணு என்பது உடல் தனக்கு வேண்டும் புரதங்களை ஆக்கிக்கொள்ளுதற்குரிய கட்டளையாகும். மக்களுடம்பில் இத்தகைய மரபணுக்கள் ஏறத்தாழ 20,000 உள்ளன. அவற்றுட் பெரும்பாலானவற்றைத் தாயினிடமிருந்து ஒன்றும் தந்தையினிடமிருந்து ஒன்றுமாக இரண்டிரண்டு படிகளாக நாம் பெறுகின்றோம். சில நோய்கள் ஒரு படி பழுதாயினும் தோன்றும். அவ்வகையில் நோயுற்றவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்நோய் வருதற்குப் பாதி வாய்ப்புண்டு. வேறு சில, இரு படிகளும் பழுதானாலன்றித் தோன்றா. அவ்வகையில் பெற்றோர் இருவரும் நலமாகவே இருப்பர். எனினும் பழுதான படி ஒவ்வொன்றை மறைவாக உடையராதலின், அவர்தம் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வருதற்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உளதாம்.

மலேரியாக் காய்ச்சலை ஆராய்வோர்க்கு நோயாளிகள் ஆயிரக்கணக்கில் கிடைப்பர். அரிய நோயிலோ, ஒரு மருத்துவர் தம் வாழ்நாளில் ஒரே நோயாளியைக் காணினும் காண்பர், காணாதொழியினும் ஒழிவர். ஆதலின், அந்நோயை இரவும் பகலும் உடனிருந்து கண்டறிந்தவர் நோயாளியின் வீட்டாரேயாவர். அவர் கண்டது ஆராய்ச்சிக்கு எட்டாதவழி, ஆராய்ச்சி தொடங்குதலே அரிதாம். இவ்வுண்மையை விளக்கும் வரலாறுகள் சிலவற்றைக் காண்போம்.

தாயர் இருவர்

நார்வே தேசத்தில் பொர்க்னி ஏகலண்டு என்னும் தாய்க்கு மக்கள் இருவர். பிறந்தபொழுது குறையொன்றும் காணப்படாத அவ்விருவரும் வளர வளர அறிவு வளர்ச்சியிற் குன்றினர். அவர்கள்பால் ஒருவகைப் புதுமையான நாற்றம் வீசுதலையும் தாய் கண்டாள். அதன் காரணம் யாதென மருத்துவர் பலரை வினவினாள். தக்க விடை கூறுவார் ஒருவருமிலர். அவள் சோர்ந்துவிடாது, 1934-ஆம் ஆண்டில் ஆஸ்லோ நகரத்து மருத்துவரும் இரசாயன அறிஞருமாகிய அஸ்பியார்ன் ஃபோலிங் என்பாரை அடைந்தாள். அவர் அக்குழந்தைகளின் சிறுநீரிற் பெர்ரிக் குளோரைடைச் சேர்த்தபொழுது, என்றும் காணாத பசுமை நிறம் தோன்றிற்று. அதன் காரணத்தை ஆராய்தற்கு மிகுதியான சிறுநீர் வேண்டியிருந்தது. தாய் அதனைத் தொடர்ந்து கொண்டுவந்து கொடுத்தாள். முடிவில், பீனைல் பைருவிக் அமிலம் என்னும் பொருளே அதிற் கலந்துள்ளதென ஃபோலிங் நிறுவினார். பின்னர், அறிவு வளர்ச்சி குன்றியோரைப் பேணும் நிலையங்களில் 430 பேரைச் சோதித்து, எண்மரிடத்து அப்பொருளைக் கண்டார். இந்நோய் இன்று பீனைல்கீட்டோனூரியா என வழங்குகின்றது. உணவிலுள்ள பீனைல் அலனைன் என்னும் பொருளை உடல் மாற்றிக்கொள்ளமாட்டாமையால், அது குருதியில் மிகுந்து மூளையைக் கெடுப்பதே இந்நோயின் இயல்பு.

அத்தாயின் மக்கட்கு இக்கண்டுபிடிப்பால் யாதொரு பயனும் விளையவில்லை. அவர்தம் மூளை முன்னரே கெட்டுவிட்டது. எனினும் அவள் கேட்ட வினா வீண்போகவில்லை.

ஏறத்தாழப் பதினேழு ஆண்டுகட்குப் பின், 1951-இல், இங்கிலாந்திற் பர்மிங்ஹாம் நகரக் குழந்தைகள் மருத்துவமனையில் ஒரு பெண் குழந்தைக்கு இந்நோய் இருப்பது தெரியவந்தது. மருந்து யாதும் இல்லையென மருத்துவர் ஹோர்ஸ்ட் பிக்கெல் கூறினார். தாய் அம்மொழியை ஏற்றிலள். நாடோறும் காலையில் ஆராய்ச்சிக்கூடத்தின் முன் வந்து நின்று, தன் மகட்கு ஏதேனும் செய்க என்று வேண்டினாள். அவள் விடாமுயற்சியால் தூண்டப்பெற்ற பிக்கெலும், ஜெரார்டு, ஹிக்மன்ஸ் என்னும் உடனுழைப்பாளரும், பாற்புரதத்தைப் பகுத்து, கரியினால் வடித்துப் பீனைல் அலனைனை நீக்கிய உணவொன்றை ஆக்கினர். அதனை உண்ட சில திங்களில், அதுவரை ஓயாது அழுது தலையை மோதிக்கொண்டிருந்த குழந்தை தவழவும் நிற்கவும் கற்றது. கண்களிலும் ஒளி தோன்றியது.

இவ்வரலாற்றில் யாம் மறைக்கக்கூடாத பகுதியொன்றும் உண்டு. குழந்தை தேறியது உணவினாலேயோ என உறுதிப்படுத்த விரும்பிய மருத்துவர், தாய் அறியாவாறு அவ்வுணவிற் பீனைல் அலனைனை மீண்டும் கலந்தனர். சில மணி நேரத்திற் குழந்தை பழையபடி அழவும் தலையை மோதவும் தொடங்கிற்று. உண்மை வெளிப்பட்டது, 1953-இல் உலகறிய வெளியிடவும் பட்டது. ஆயினும், யாருடைய வேண்டுகோளால் அவ்வாராய்ச்சி தோன்றிற்றோ, அத்தாயையே கேளாமல் அவள் குழந்தைக்கு ஊறு விளையக்கூடிய சோதனை நடத்தப்பெற்றது. குடும்பத்தார் ஆராய்ச்சிக்குத் துணைவராதல் வேறு. அறியாமலே கருவியாக்கப்படுதல் வேறு. இவ்வேறுபாட்டை நாம் மறத்தலாகாது.

அமெரிக்க நாட்டு நுண்ணுயிர் நூல் வல்லுநர் இராபர்ட் கத்ரி என்பார் அறிவு வளர்ச்சி குன்றிய மகன் ஒருவனுக்குத் தந்தை. அவர் உறவினளாகிய ஒரு சிறுமிக்குப் பீனைல்கீட்டோனூரியா உளதென்பது 1958-இற் காலம் கடந்தே அறியப்பட்டது. உணவுமுறை தெரிந்திருந்தும் அவளைக் காக்க இயலவில்லையே என்னும் துயரம் அவரைத் தூண்டிற்று. பிறந்த குழந்தையின் குதிகாலிலிருந்து ஓரிரு துளிக் குருதியை வடிதாளில் ஏற்று உலர்த்தி நோயைக் கண்டறியும் எளிய முறையை அவர் வகுத்து, 1963-இல் வெளியிட்டார். அவ்வாண்டிலேயே மாசச்சூசெட்ஸ் மாகாணம் இச்சோதனையைச் சட்டமாக்கிற்று. பெற்றோர் சங்கங்கள் இம்முறையைப் பரப்புதற்குப் பெரிதும் உழைத்தன. பிறந்தவுடன் அறியப்பெற்று உரிய உணவு பெறும் குழந்தை, இன்று ஏனைய குழந்தைகளைப் போலவே பள்ளியிலும் கல்லூரியிலும் பயிலக் காண்கின்றோம்.

மரகைபோ ஏரிக்கரை மக்கள்

வேறொரு வகைத் துணையை ஹண்டிங்டன் நோயின் வரலாறு காட்டும். இந்நோய் பெரும்பாலும் நடுவயதில் தோன்றி, உடல் அசைவையும் அறிவையும் மனநிலையையும் படிப்படியாகக் கெடுப்பது. ஒரு படி பழுதாயினும் தோன்றும் வகையினது. 1872-இல் இதனை விரித்துரைத்த ஜார்ஜ் ஹண்டிங்டன் என்னும் இளமருத்துவர், தம் தந்தையாரும் பாட்டனாரும் அதே ஊர்களில் மருத்துவம் புரிந்து கண்டறிந்தவற்றையும் துணையாகக் கொண்டார். குடும்பங்களைத் தலைமுறைதோறும் அறிந்திருந்தமையாலேயே நோய் மரபு வழி வருவதென்பது அவர்க்குப் புலனாயிற்று.

நான்சி வெக்ஸ்லர் என்னும் உளநூல் அறிஞரின் தாய்க்கு இந்நோய் உளதென்பது 1968-இல் தெரியவந்தது. அவர் தந்தையார் அவ்வாண்டிலேயே ஆராய்ச்சிக்கென ஓர் அறநிலையத்தைத் தொடங்கினார். வெனிசுவேலா நாட்டில் மரகைபோ என்னும் ஏரிக்கரை ஊர்களில் இந்நோய் மிகுந்த குடும்பங்கள் வாழ்ந்தன. அந்நாட்டு மருத்துவர் அமெரிக்கோ நெக்ரெத்தே அவர்களைப் பற்றி 1950-களில் எழுதியிருந்தார். 1979 முதல் நான்சி வெக்ஸ்லர் அவ்வூர்கட்குச் சென்றார். குருதி கொடுக்க மக்கள் அஞ்சினர். தம் தாயும் இந்நோயால் இறந்தவரென்றும், தமக்கும் அது வரலாம் என்றும் கூறி, ஆராய்ச்சிக்காகத் தம் தோலிற் சிறு பகுதி எடுக்கப்பெற்ற வடுவையும் அவர் காட்டினார். அதன் பின்னரே அவர்கள் அவரைத் தம்முள் ஒருவராகக் கருதினர்.

காலப்போக்கில் 18,000 பேர்க்கு மேற்பட்ட ஒரு பெரும் வமிசாவளி தீட்டப்பெற்றது. 4,000 பேருக்கு மேற்பட்டோர் குருதி ஈந்தனர். நோயுற்றோர் குருதியையும் உறாதோர் குருதியையும் ஒப்புநோக்கியதன் பயனாக, பழுது நான்காம் குரோமசோமில் உளதென்பது 1983-இலும், இன்ன மரபணுவே அது என்பது 1993-இலும் அறியப்பட்டன. ஈண்டு மாணாக்கர் கருதற்பாலது ஒன்று: நோயற்ற உறவினர் தந்த குருதியும் நோயாளியின் குருதியைப் போன்றே தேவைப்பட்டது. ஒப்பிடுதற்கு இருபாலும் வேண்டுமன்றோ?

மரபணு அறியப்பெற்றபின், வரக்கூடிய நோயை முன்னரே காட்டும் சோதனையும் கிடைத்தது. ஆயினும் நோயைத் தடுக்கும் வழி இல்லாதபொழுது அதனை முன்னறிதலை விரும்பாதோர் பலர். அறிந்துகொள்ளும் உரிமை போலவே, அறியாதிருக்கும் உரிமையும் குடும்பத்தார்க்கு உண்டென்பதனை ஆராய்ச்சியாளர் இந்நோயினின்று கற்றனர்.

ஈதலும் உரிமையும்

கனவன் நோய் குழந்தைகளின் மூளையைச் சிதைப்பது. அமெரிக்கப் பெற்றோர் சிலர் 1987 முதல் ஓர் ஆராய்ச்சியாளர்க்குத் தம் பிள்ளைகளின் குருதியையும், இறந்த பிள்ளைகளின் உடற்பகுதிகளையும், பொருளையும் மனமுவந்து அளித்தனர். மரபணு 1993-இற் கண்டுபிடிக்கப்பெற்றது. பின்னர், 1997-இல், அவர் பணிபுரிந்த மருத்துவமனை அதற்குக் காப்புரிமை பெற்று, சோதனைக்குக் கட்டணம் விதித்தது. எல்லார்க்கும் எளிதிற் பயன்படும் என்று கருதி ஈந்த பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். ஈந்த உடற்பொருளின்மேல் ஈந்தோர்க்குச் சொத்துரிமை இல்லையென நீதிமன்றம் 2003-இற் கூறிற்று. எனினும், அவர் முயற்சியாற் பிறர் முறையின்றிப் பயனெய்தினர் என்னும் வழக்கு நடைபெறலாம் என்றது. முடிவில் இருதிறத்தாரும் உடன்படிக்கை செய்துகொண்டனர். முன்னரே எழுத்தில் அமையாத நம்பிக்கை பின்னர் வழக்காயிற்று.

தோலையும் கண்ணையும் குருதிக்குழாய்களையும் தாக்கும் சூடோசாந்தோமா எலாஸ்டிகம் என்னும் நோய் தம் மக்கள் இருவர்க்கும் உளதென 1994-இல் அறிந்த ஷாரன் டெரியும் அவர் கணவரும் வேறு வழியைக் கைக்கொண்டனர். அவ்விருவரும் மருத்துவம் பயின்றவரல்லர். வெவ்வேறு ஆராய்ச்சிக் குழுவினர் அதே குழந்தைகளின் குருதியைத் தனித்தனியே கேட்டதையும், ஒருவர் பெற்றதை மற்றவரோடு பகிராமையையும் கண்டனர். எனவே நோயாளிகளின் சங்கம் ஒன்றை 1995-இல் நிறுவி, உலகெங்கும் உள்ள குடும்பங்களின் குருதியையும் குறிப்புக்களையும் சங்கத்தின் காவலிலேயே சேமித்தனர். வேண்டிய ஆராய்ச்சியாளர் சங்கத்தின் நிபந்தனைகட்கு உட்பட்டே அவற்றைப் பெறலாயிற்று. 2000-இல் மரபணு கண்டுபிடிக்கப்பெற்றபொழுது, கண்டுபிடித்தோருள் ஒருவராக ஷாரன் டெரியும் காப்புரிமை விண்ணப்பத்திற் குறிக்கப்பெற்றார். அவ்வுரிமையும் சங்கத்தின்பால் அமைந்தது.

குடும்பத்தார் செய்யத்தக்கன

இனி, இத்தகைய நோயுள்ள ஒரு குடும்பத்தார் செய்யத்தக்கன யாவை என முறையாகக் கூறுவாம்.

முதலாவது, வமிசாவளி எழுதுதல். மூன்று தலைமுறையேனும் எழுதுக. இளமையில் இறந்தோர், கருச்சிதைவுகள், உறவில் நிகழ்ந்த மணங்கள், ஒத்த குறியுடையோர் ஆகிய எல்லாவற்றையும் குறிக்க. வீட்டிலுள்ள முதியோரின் நினைவே இதற்குச் சிறந்த ஏடு. அவர் உள்ளபொழுதே கேட்டெழுதுதல் நன்று.

இரண்டாவது, நோயின் போக்கைக் குறித்துவைத்தல். குழந்தை எத்திங்களிற் கழுத்து நின்றது, எப்பொழுது நடந்தது, எப்பொழுது நடையை இழந்தது என்பனவற்றை நாளோடு குறிக்க. இக்குறிப்பின் மதிப்பை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவாம். முதுகுத்தண்டுத் தசைநலிவு நோயின் கடிய வகையுற்ற 15 குழந்தைகட்கு மரபணு மருத்துவம் செய்த வரலாறு 2017-இல் வெளிவந்தது. 20-ஆம் திங்களில் அப்பதினைவரும் நிலையான மூச்சுக்கருவியின் துணை வேண்டாது உயிருடனிருந்தனர். மருத்துவம் பெறாத குழந்தைகளின் பழைய பதிவுகளிலோ அவ்வயதில் அங்ஙனம் இருந்தோர் நூற்றுக்கு எண்மரே. தம் குழந்தையின் போக்கைப் பதிவுசெய்ய உடன்பட்ட அப்பழைய பெற்றோர் இல்லையெனின், புதிய மருந்தின் ஆற்றலை எதனோடு ஒப்பிட்டு அளப்பது? தம் குழந்தையை இழந்தோரின் குறிப்புப் பிறர் குழந்தையைக் காத்தற்குச் சான்றாயிற்று.

மூன்றாவது, பெற்றோரும் உடன்பிறந்தாரும் குருதி அளித்தல். ஒவ்வொருவரிடத்தும் பெற்றோர்பால் இல்லாத புதிய மாற்றங்கள் ஏறத்தாழ 60 முதல் 70 வரை உள்ளன. மரபாய் வந்த மாற்றங்களோ எண்ணிறந்தன. பெற்றோர் இருவரின் டி.என்.ஏ.யையும் உடன்வைத்து நோக்கினாலன்றி, எது வழிவழி வந்தது, எது புதிதாகத் தோன்றியது எனப் பிரித்தறிதல் கடினம்.

நான்காவது, நோய்ப் பதிவேட்டிற் சேர்தல். ஒரு குடும்பத்தில் மட்டும் காணப்படும் மாற்றம் நோய்க்குக் காரணமோ, தற்செயலோ என ஐயுறப்படும். அதே மாற்றமும் அதே குறிகளும் உடைய இரண்டாம் குடும்பம் எங்கேனும் கிடைப்பின் ஐயம் பெரிதும் நீங்கும். இந்தியாவில் 2021-இல் அரசினர் வெளியிட்ட அரிய நோய்க் கொள்கையும் மருத்துவமனைகளின் வாயிலாக நாட்டளவிலான பதிவேடு அமைத்தலை வற்புறுத்துகின்றது.

ஐந்தாவது, கேட்டறிந்தபின்னரே கையெழுத்திடுதல். இவ்வாராய்ச்சியின் நோக்கம் யாது? எம் குழந்தைக்கு இதனாற் பயனுண்டோ, பிறர்க்கு மட்டுமோ? துன்பம் யாது? குருதி எங்கே, எத்துணைக் காலம் வைக்கப்படும்? எவர்க்குக் கொடுக்கப்படும்? முடிவை எமக்குத் தெரிவிப்பீரோ? வேண்டாவெனின் இடையில் விலகலாமோ? இவ்வினாக்களைக் கேட்பது அவமதிப்பன்று. நல்ல ஆராய்ச்சியாளர் இவற்றை எதிர்நோக்கியிருப்பர். பெற்றோரின் ஒப்புதலோடு, ஏழு வயது கடந்த பிள்ளையின் இசைவையும் பெறுதல் வேண்டுமென இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தார் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகள் கூறுகின்றன.

நம் நாட்டார் கருத்திற்கு

மாமன் மகளையும் அத்தை மகளையும் தமக்கை மகளையும் மணத்தல் தமிழ் மக்களிடைப் பழைய வழக்கம். ஒரு முன்னோரின் பழுதான படி, கணவன் மனைவி இருவர் வழியாகவும் ஒரே பிள்ளைக்கு வந்துசேர்தற்கு இவ்வழக்கம் வாய்ப்பை மிகுவிக்கும். ஆதலின் இரு படிகளும் பழுதாதலால் வரும் நோய்களை அறிந்துகொள்ளுதல் நமக்கு அயலார் செய்தியன்று.

இத்தகைய குழந்தை பிறந்த வீட்டில், பழி தாயின்மேலேயே சுமத்தப்படுதலைப் பலகாலும் கேட்கின்றோம். அஃது அறமன்று என்பதோடு உண்மையுமன்று. மேற்கூறிய வகை நோய்களிற் பழுதான படி தந்தையினிடமிருந்தும் தாயினிடமிருந்தும் ஒப்பவே வருகின்றது. அதனை இருவரும் அறிந்து கொடுத்தவரல்லர். இப்பழிக்கு அஞ்சியே பலர் நோயை மறைக்கின்றனர். தங்கையின் மணம் தடைப்படும் என அண்ணனின் நோயை மறைப்பாரும் உளர். மறைக்கப்பெற்ற நோய்க்கு வமிசாவளி இல்லை. வமிசாவளி இல்லாதவழி ஆராய்ச்சியும் இல்லை. ஆராய்ச்சி இல்லாதவழி அடுத்த குழந்தைக்கு மருந்தும் இல்லை.

ஆராய்ச்சியிற் பங்குகொள்வோர் அனைவரும் தம் வீட்டிலேயே பயன் காண்பர் என்று யாம் கூறமாட்டோம். ஏகலண்டு அம்மையார் அதனைக் கண்டிலர். ஆராய்ச்சியை மருத்துவமென மயங்கி, நோய் தீர்ந்துவிடும் என்று பெற்றோரை நம்பச் செய்தல் கொடிது. மறுத்தலும் அவர்தம் உரிமையே; மறுத்தமையால் மருத்துவம் குறைக்கப்படலாகாது. ஆயினும், உண்மையை முழுதும் கேட்டறிந்து, அதன் பின்னும் பிறர் மக்கள்பொருட்டு மனமுவந்து ஈவாராயின், அவரை ஆராய்ச்சியின் உடனுழைப்பாளராக மதித்தல் கற்றோர் கடன்.

நம் கல்லூரியிற் பயில்வோருட் சிலர் மருத்துவராவர். சிலர் ஆராய்ச்சிக்கூடம் புகுவர். பலர் ஆசிரியராகவும் குடும்பத் தலைவராகவும் விளங்குவர். மருத்துவராவோர், வினவும் தாயைத் தொல்லையென்று கருதாது செவிசாய்க்க. ஆராய்வோர், ஈந்தவர்க்கு முடிவைத் திரும்ப உரைக்க. ஏனையோர், இவ்விடுமுறையில் ஊர் சென்றதும் தத்தம் பாட்டியாரின் அருகமர்ந்து மூன்று தலைமுறை வமிசாவளியை ஒரு தாளில் எழுதிவைக்க. அதற்குப் பொருட்செலவு ஒன்றுமில்லை. என்றேனும் ஒரு குழந்தைக்கு அது பெரிதும் உதவக்கூடும்.